ரோஸ்லின் டீச்சரும் தாய்மொழிக் கட்டமும்

ரோஸ்லின் டீச்சருக்கு எதைக் கண்டாலும் பயம். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தால் பயம். தேவாரம் போகிற பஸ்ஸில் டிரைவர் கொஞ்சம் வேகம் எடுத்தால் சிலுவை போட்டுக்கொள்வார். பள்ளிக்கூட வாசலில் ஜீப் வந்து நின்றால் யார் எவர் என்று பார்க்கமாட்டார். முதலில் ஓடிப்போய் வருகைப் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இருபது வருடம் அவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவன் நான். பெயர் பீட்டர்ராஜ், தலைமையாசிரியர். அவருடைய பயத்தைக் கேலி செய்தே பாதிப் பொழுதைக் கழித்தவன். ஊரில் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளி தேவாரத்துக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில், மலையடியில் இருக்கிறது. கட்டியது மிஷன், சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியருக்கு எழுத்து வேலை அதிகம் என்று சொல்லி ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் நான் எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்று வகுப்பும் டீச்சர் தலையில். மத்தியானம் சமைத்துப் போட ஜக்கம்மா. இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

டீச்சர் ராயப்பன்பட்டிக்காரர். அப்பா திராட்சைத் தோட்டங்களில் கொடி கழித்துவிடும் கவாத்து வேலைக்குப் போனவர். நான்கு பெண்களில் இவர் மட்டும் படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டார். கணவருக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். பள்ளியில் சேர்ந்த பிறகு டீச்சர் தபால் வழியில் எம்.எட். படித்தார். ஆய்வுக்குத் தலைப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்களாம். எனக்கு இதுதான் வேண்டும் என்று கேட்கப் பயந்து, எல்லோரும் எடுத்தது போக மிச்சம் கிடந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "அமெரிக்கப் பள்ளிகளில் பன்முகப் பண்பாட்டுக் கல்வி: சட்டமும் கொள்கையும்." ராயப்பன்பட்டியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கச் சட்டம். நான் சிரித்த சிரிப்பில் ஜக்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சிரித்தேனே தவிர, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் அந்த வழக்குகளைச் சொல்ல ஆரம்பித்தால் டிபன் பாக்ஸை மூடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். நெப்ராஸ்கா என்ற மாநிலத்தில் ஒரு வாத்தியார் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று பிடித்து அபராதம் போட்டார்கள். 1923-இல் அங்கே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. கறுப்பினத்துப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்காமல் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1954-இல் அதுவும் செல்லாது என்றார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத சீனப் பிள்ளைகளை மற்றவர்களோடு சும்மா உட்கார வைத்திருந்தார்கள். அது 1974.

"ஒரே புத்தகம், ஒரே வாத்தியார், ஒரே பெஞ்சுன்னு குடுத்துட்டா மட்டும் சமமா நடத்துனதா ஆயிராதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாக சார்" என்றார் டீச்சர். "பாஷை புரியாத பிள்ளைக்கு அங்க ஒண்ணுமே கிடைக்கலன்னுதான் அர்த்தமாம்."

"அப்ப அங்கன எல்லாம் சரியாப் போச்சா?"

"எங்க சார். ஒருத்தரு சட்டம் போடுவாரு, அடுத்தாளு வந்து பிடுங்குவாரு. அரிசோனாவுல மெக்சிகோக்காரவுக வரலாற்றைப் பாடமா வைக்கக்கூடாதுன்னு 2010-ல சட்டம் போட்டாக. அதைக் கோர்ட்டு தள்ள ஏழு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடியும் அதை எடு, இதை எடுன்னு நிக்கிறாகளாம்."

"கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது டீச்சர். நிம்மதியாச் சாப்பிடுங்க" என்பேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் பாதி வீடுகளுக்குள் தமிழ் கிடையாது. ஜக்கம்மா வீட்டில் தெலுங்கு. எதிர்த்த தோப்புக்காரர் வீட்டில் கன்னடம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறவர்கள் கோபம் வந்தால் மலையாளத்தில் திட்டுவார்கள். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் எல்லோருக்கும் தமிழ்தான். நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள்; பிள்ளைகள் தெருவில் சண்டை போடுவதே தமிழில்தான். இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. என் கையால் மட்டும் சில நூறு பேருக்கு அப்படி எழுதியிருப்பேன்.

போன வருடம் ஜூனில் பள்ளி திறந்தபோது ஒன்பது பிள்ளைகள். மற்றவர்களையெல்லாம் இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆகஸ்ட் முதல் தேதி பதிவில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். ஒன்பது பேருக்கு இரண்டு ஆசிரியர் எதற்கு என்று யாராவது கேட்டால் டீச்சர் உபரி. பள்ளியே எதற்கு என்று கேட்டால் நானும். எனக்கு 2026 மே மாதம் ஓய்வு. முப்பத்தைந்து வருடம் ஓட்டிவிட்டுக் கடைசி வருடத்தில் பள்ளியை இழுத்து மூடினவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. தூக்கம் போய்விட்டது.

டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே தென்னைநார் மில் இருக்கிறது. அங்கே ஒடிசாவிலிருந்து வந்த சில குடும்பங்கள் தகர ஷெட்டில் இருந்தன. பிள்ளைகள் நார்க் குவியலில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அங்கேயுள்ள நாய்களுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டே மூன்று தடவை போனார். நான்காம் நாள் ஐந்து பிள்ளைகளோடு வந்தார்.

அதில் மூத்தது பாஹா. ஒன்பது வயது, பெண். அம்மா பெயர் சம்பா. பாஹாவை வயதுக்கேற்ப நான்காம் வகுப்பில் உட்கார வைத்தோம். முதல் நாள் முழுக்கக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் பார்க்கும். வேறு ஒன்றும் இல்லை.

விண்ணப்பங்களில் தாய்மொழிக் கட்டத்தை டீச்சர் காலியாக விட்டிருந்தார்.

"அவுக பேசுறது ஒடியா இல்ல சார், ஹிந்தியும் இல்ல. சந்தாலியாம், அவுக பழங்குடிப் பாஷை. பின்பக்கம் எழுதியிருக்கேன், பாருங்க."

இணையப் பதிவு என் போனில், என் பெயரில் நடக்கும். பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் அடித்துவிட்டு அந்தக் கட்டத்துக்கு வந்தேன். என் விரல் நின்றது. வெளிமாநிலப் பிள்ளைகள், நாளைக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், இவர்களையெல்லாம் கணக்கில் சேர்க்காதே என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லிவிட்டால்? யாரும் எங்கேயும் அப்படிச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். ஐந்து பேருக்கும் தமிழ் என்று போட்டுவிட்டேன்.

"சார், இது சரியா வருமா?" என்றார் டீச்சர்.

"ஜக்கம்மா வீட்டுத் தெலுங்கை என்னைக்காவது யாராவது வந்து கேட்டிருக்காகளா? விடுங்க."

ஜக்கம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "எங்களுக்கு என்னய்யா, கடைகண்ணிக்குப் போனா தமிழ்தான். அந்தப் பிள்ளை தண்ணி கேக்கத் தெரியாம குடத்துக்கிட்டப் போயி நிக்குது" என்றாள். எனக்கு அது காதில் விழுந்தது. விழாதது மாதிரி போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

ஆகஸ்ட் முதல் தேதி தாண்டியது. பதினான்கு பிள்ளைகள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் தேவாரத்தில் அல்வா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

சின்னப் பிள்ளைகள் நான்கும் விளையாட்டில் தமிழைப் பொறுக்கிக்கொண்டன. பாஹாவுக்கு வாய் திறக்கவில்லை. வயது கூடிவிட்டால் கூச்சமும் கூடிவிடுகிறது. டீச்சர் ஒரு வேலை செய்தார். தமிழை அவளுக்குள் திணிப்பதை நிறுத்திவிட்டு, அவளிடம் சந்தாலி கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கல்லைக் காட்டுவார், மரத்தைக் காட்டுவார், பாஹா சொல்வதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். தப்பாகச் சொன்னால் அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஒரு நாள் ஜக்கம்மா வந்து, "ஐயா, இன்னைக்கு முட்டை ரெண்டு குறையுதுன்னு அந்தப் பிள்ளைதான் விரலைக் காட்டிச் சொல்லுச்சு. எண்ணிப் பாத்தேன், ரெண்டுதான் குறையுது" என்றாள். டீச்சருக்கு முகமெல்லாம் சந்தோஷம். பாஹா டீச்சரிடம் மட்டும் பேசும், அதுவும் காதோடு. நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடும்.

செப்டம்பரில் பிள்ளைகளுக்குத் திறன் தேர்வு வைத்தார்கள். பாஹாவுக்கு எல்லாப் பாடத்திலும் பூஜ்யம். அடுத்த வாரம் மகிமா வந்தாள். மாற்றுத்திறன் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து உதவி வாங்கிக்கொடுக்கிற சிறப்பாசிரியை. நல்ல பெண், வேலையில் கெட்டி. பாஹாவின் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் தமிழில் பேசிப் பார்த்தாள். பிறகு தன் போனில் பிள்ளையின் பதிவைப் பார்த்தாள்.

"சார், தாய்மொழி தமிழ். வயசு ஒம்பது. ஒரு எழுத்தும் வரல, சின்னக் கேள்விக்குக்கூடப் பதில் இல்ல. காது பிரச்சினை இல்ல, தட்டுனா திரும்புறா. மூளை வளர்ச்சியப் பாத்துரணும். அடுத்த மாசம் மதிப்பீட்டு முகாம் இருக்கு, பேரை எழுதிக்கிறேன். சர்டிபிகேட் வாங்கிட்டா மாற்றுத்திறனாளி அட்டை வந்துரும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மகிமாவுக்கு டீ சொல்லப் போனேன்.

அவள் வண்டி கிளம்பிய சத்தம் ஓய்ந்ததும் டீச்சர் வந்து என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், சொல்லிருவோம்."

"என்னத்தைச் சொல்ல? ஐஞ்சு பிள்ளைக்கும் பொய்ப் பதிவு போட்டோம்னா? போட்டது யாருன்னு கேப்பாக. ஏன் போட்டேன்னு கேப்பாக. ஆள் கணக்குக் காட்டிச் சம்பளம் வாங்குனீகளான்னு கேப்பாக."

"பிள்ளைக்கு மூளை இல்லேன்னு எழுதிப்புடுவாக சார்."

"எழுத மாட்டாக. டாக்டர் பாத்தா தெரியாதா? நல்லாருக்குன்னு அவுகளே திருப்பி அனுப்பிருவாக. நாம எதுக்கு வாயைக் குடுக்கணும்?"

நான் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் அந்தப் பிள்ளை, ஒரு பக்கம் என் ஓய்வு. பூசையில் முழங்கால் போட்டால்கூட அந்தக் கட்டம்தான் கண்முன்னால் வந்தது. டீச்சர் டிபன் பாக்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

முகாம் அக்டோபரில், பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி ஹாலில். நான், டீச்சர், சம்பா, பாஹா நான்கு பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். சம்பா மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அட்டை தருவார்கள் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தோம். நல்ல சேலை கட்டியிருந்தாள். போகிற வழியில் டீச்சர் என் பக்கம் குனிந்து, ஆட்டோ சத்தத்துக்குள் பேசினார்.

"1970-ல கலிபோர்னியாவுல ஒம்பது பிள்ளைக சார். வீட்ல ஸ்பானிஷ். பரிட்சை வச்சது இங்கிலீஷ்ல. புத்தி மட்டுன்னு முடிவு பண்ணித் தனி வகுப்புல போட்டுட்டாக. கேசு போட்டு, அவுக பாஷையில மறுபடியும் பரிட்சை வச்சுப் பாத்தா, முக்காவாசிப் பேரு தேறிட்டாக."

"அப்புறம் நல்லாத்தான ஆச்சு?"

"தனி வகுப்புல உக்காந்திருந்த வருஷம் போனது போனதுதான சார்?"

நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஹாலில் நல்ல கூட்டம். பெரிய பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பக்கம் சக்கர நாற்காலி, ஒரு பக்கம் காதுக்கருவி. சம்பா கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தாள். பிறகு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், என் பொண்ணுக்கு என்ன?" என்றாள். தெரிந்த கொஞ்சத் தமிழில் அவள் கேட்டது அது ஒன்றுதான். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாஹாவுக்கும் பயம் பிடித்துவிட்டது. டீச்சரின் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

மனநல டாக்டர் நடுவயதுப் பெண். காலையிலிருந்து ஐம்பது பிள்ளைகளைப் பார்த்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. படங்களை எடுத்து வைத்தார்.

"பாப்பா, இது என்ன சொல்லு?"

பாஹா குனிந்துகொண்டது.

"இது? குடை தெரியுமா? மாடு எது, காட்டு."

மரக்கட்டைகளைத் தள்ளி வைத்து, "இதை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கு" என்றார். பிள்ளை தொடவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டது. டாக்டர் தாளைப் பார்த்தார். "வீட்டுல பேசுறது... தமிழ். சரி." பேனாவை எடுத்தார்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். தாள் எனக்குத் தெரிந்தது. அறிவுத்திறன் குறைபாடு என்று அச்சடித்திருந்த வரிக்கு நேராகப் பேனா போனது. பீட்டர், சொல்லு என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு வார்த்தைதான். மேடம், அந்தப் பதிவு தப்பு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஓய்வுக்கு ஏழு மாதம், ஏழே மாதம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது டீச்சர் முன்னால் போய், டாக்டரின் அனுமதிகூடக் கேட்காமல், மேஜை மேல் இருந்த கட்டைகளைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்த வேகத்தில் இரண்டு கட்டை கீழே விழுந்தது. ஆறு கட்டைகளைப் பாஹா முன்னால் வைத்துச் சந்தாலியில் என்னவோ கேட்டார்.

"துருய்" என்றது பாஹா, காதோடு பேசுகிற குரலில்.

"ஆறுங்குது மேடம்" என்று சொல்லி டீச்சர் ஒன்றை எடுத்துவிட்டார்.

"மோடே."

இன்னும் ஐந்தைச் சேர்த்து வைத்தார். எண்ணக்கூட இல்லை. "கெல்" என்றது பிள்ளை. பிறகு டீச்சர் கேட்கக் கேட்கக் கட்டைகளைப் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்கியது. படங்களில் டீச்சர் பெயர் சொன்னதையெல்லாம் எடுத்துக் கொடுத்தது. ஒரு படத்துக்கு டீச்சர் தப்பாகச் சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துத் திருத்தியது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது என்ன பாஷை?"

"சந்தாலி மேடம்."

"தாள்ல தமிழ்னு இருக்கே?"

"அது தப்பு மேடம். எங்க பள்ளிக்கூடத்துல போட்ட தப்பு."

"யார் போட்டது?"

டீச்சர் ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த காதுக்கருவி விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் மேடம்" என்றார்.

டாக்டர் தாளைக் குறுக்காக அடித்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். ஆனால் இது மாதிரி ஒரு பதிவை நம்பித் தான் கையெழுத்துப் போட இருந்ததை மேலதிகாரிகளுக்கு எழுதாமல் விடமுடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். சம்பாவுக்கு முழுக்கதை புரியவில்லை. தாளில் கோடு விழுந்ததைப் பார்த்து அழுதாள்.

திரும்பும்போது ஆட்டோவில் பாஹா டீச்சர் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. எனக்கு ஏதாவது பேசியாக வேண்டும்போல் இருந்தது.

"ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீக?"

"உங்களுக்கு ஏழு மாசம்தான சார் இருக்கு."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு. இப்பவும் கை நடுங்குது, பாருங்க." நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நவம்பரில் கல்வி அலுவலகத்தில் விசாரணை. அலுவலர் ஒரு பெண், கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்தாதவர். ஐந்து விண்ணப்பங்களையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். பின்பக்கம் டீச்சர் எழுதிய சந்தாலி என்ற சொல்லைப் பார்த்தார்.

"இவ்வளவு சரியா எழுதிட்டு எதுக்கும்மா தமிழ்னு போட்டீங்க?"

"கணக்குல சேக்க மாட்டாகன்னு பயந்துட்டோம் மேடம்."

"யார் சொன்னா சேர்க்க மாட்டாங்கன்னு? எந்த மொழி பேசினா என்ன, பிள்ளை பிள்ளைதானே? பதிவில இருந்தா கணக்கில உண்டு. மொழிப் பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்திருந்தா சந்தாலியே இருக்கு. அதைப் போட்டிருந்தா உங்களுக்கு உதவிக்கு ஆள் கேட்டிருக்கலாம், படப் புத்தகம் கேட்டிருக்கலாம். இந்தப் பிள்ளை அந்த முகாமுக்கே போயிருக்காது."

இல்லாத ஒன்றுக்குப் பயந்து, வேண்டாத ஒரு பொய்யைச் சொல்லி, அதைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், லாகின் உங்களுது. டீச்சர் தான்தான் போட்டதா எழுதிக் குடுத்திருக்காங்க. சரிதானா? உங்க கையால எழுதிக் குடுங்க."

வெள்ளைத் தாளைக் கொடுத்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன். "ஆம். எனக்குத் தெரியாமல் ஆசிரியை பதிவு செய்துவிட்டார்." எனக்குத் தெரியாமல் என்று எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன்.

டிசம்பர் கடைசியில் டீச்சருக்குத் தண்டனையாக மாறுதல் வந்தது. ஆண்டிபட்டிக்கு அப்பால் மிஷனின் இன்னொரு பள்ளி. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கடைசி நாளில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளத் தைரியம் வராமல் மத்தியானமே கிளம்பிவிட்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "சார், பாஹா பசிச்சாலும் கேக்காது. நீங்கதான் பாத்துக் குடுக்கணும்" என்றார். ஒரு கோபமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஐந்து வகுப்பும் இப்போது என்னிடம். பதிவில் பாஹாவின் தாய்மொழி சந்தாலி என்று திருத்தியாகிவிட்டது. அந்த மொழியில் அவளிடம் ஒரு சொல் பேச இப்போது பள்ளியில் ஒரு பெரியவரும் இல்லை. முதல் இரண்டு வாரம் அந்தப் பிள்ளை வாசலுக்கு நேராகவே உட்கார்ந்திருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று என் மேஜைக்கு வந்து நின்றது. என்னிடம் அது முதல் தடவையாகப் பேசியது, தமிழில்.

"சார். டீச்சர் எப்ப வரும்?"

"வருவாக ஆத்தா. நாளைக்கு" என்றேன்.

மறுநாளும் வந்து கேட்டது. மறுநாளும் அதையே சொன்னேன். இப்போது மற்ற பிள்ளைகளோடு விளையாடி வேகமாகத் தமிழ் பழகிக்கொண்டிருக்கிறது. நேற்று வந்து நின்றபோது கேள்வி மாறிவிட்டது. "டீச்சர் ஏன் போச்சு சார்?" நான் வருகைப் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதையோ தேடினேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் அந்தக் கட்டத்தில் தமிழை யார் போட்டது என்று கேட்கிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.